பெட்டியில் இருப்பதெல்லாம் பரிசா? ஜியோகேச்சிங் குட்டிப் பொருள்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஜியோகேச்சிங் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், "புதையல் வேட்டை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நானும் பலருக்கு அப்படித்தான் அறிமுகம் செய்திருக்கிறேன். ஆனால் புதிதாக வருபவர்களைக் குழப்புவது அந்தச் சொல்தான். புதையல் என்றால் விலை உயர்ந்தது, கண்டெடுத்தவருக்கே சொந்தமானது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. அந்த எண்ணத்தோடு பெட்டியைத் திறப்பவர், உள்ளே ஒரு கோலிக்குண்டும் சாவி வளையமும் கிடப்பதைப் பார்த்து ஏமாந்துபோகிறார். அல்லது, தனக்குச் சொந்தமாகாத ஒன்றைத் தெரியாமலேயே வீட்டுக்கு எடுத்துப்போய்விடுகிறார். ஏமாற்றம் அடுத்த பெட்டியிலேயே தீர்ந்துவிடும். இரண்டாவது தவறால் எங்கோ முகம் தெரியாத ஒருவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. அதைத் தவிர்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில், பெட்டி

ஒருவர் தண்ணீர் புகாத ஒரு பெட்டியை வெளியிடத்தில் மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுகிறார். மற்றவர்கள் கைப்பேசியில் உள்ள ஜி.பி.எஸ். உதவியோடு அங்கே போய்த் தேடுகிறார்கள். ஜி.பி.எஸ். சில மீட்டர் நெருக்கம் வரைதான் கொண்டுபோய் விடும். அதற்குப் பிறகு கண்ணும் பொறுமையும்தான் துணை. இப்படி மறைத்துவைத்த பெட்டியைத்தான் ஜியோகேச், சுருக்கமாகக் கேச், என்கிறார்கள்.

ஒவ்வொரு கேச்சிலும் ஒரு குறிப்பேடோ சிறு காகிதச் சுருளோ இருக்கும். லாக்புக் என்பது அதுதான். பெட்டியைக் கண்டவர் அதில் தன் ஆட்டப் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தபடி மறைத்துவைக்க வேண்டும். அந்தக் கையெழுத்துதான் கண்டுபிடித்ததற்கான சான்று. பொருள் எடுப்பதும் வைப்பதும் முழுக்க முழுக்க அவரவர் விருப்பம். வெறுங்கையோடு போய், கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வரும் ஆர்வலர்கள் ஏராளம். அவர்கள் தங்கள் இணையப் பதிவில் "டி.என்.எல்.என்." என்று எழுதுவதுண்டு. எதுவும் எடுக்கவில்லை, எதுவும் வைக்கவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

எல்லாப் பெட்டியிலும் பொருள் வைக்க இடமும் இருக்காது. 100 மில்லிலிட்டருக்குக் குறைவான கொள்ளளவு கொண்டது மைக்ரோ. பழைய கேமரா ஃபிலிம் டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள், காகிதச் சுருளுக்கே இடம் சரியாகிவிடும். 100 மில்லிலிட்டர் முதல் 1 லிட்டர் வரை ஸ்மால், 1 முதல் 20 லிட்டர் வரை ரெகுலர், அதற்கு மேல் லார்ஜ். குட்டிப் பொருள்களோடு போகிறீர்கள் என்றால், இணையத்தில் அந்தக் கேச்சின் பக்கத்தில் போட்டிருக்கும் அளவைப் பார்த்து ஸ்மாலில் இருந்து தொடங்குங்கள். குழந்தைகளை அழைத்துப்போகும்போது இதை மறந்து, நகமளவு டப்பாவின் முன் அவர்கள் முகம் வாடுவதைப் பார்ப்பது எளிதல்ல.

வாளியில் தொடங்கியது

பொருள் மாற்றும் வழக்கம் இந்த ஆட்டத்தோடு கூடவே பிறந்தது. பொதுமக்கள் பயன்படுத்தும் ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்துவைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நீக்கியபோது, அதுவரை நூறு மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே இரவில் ஏறக்குறைய பத்து மடங்கு துல்லியமாயின. அதைச் சோதித்துப் பார்க்க, மே 3ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே காட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்துவைத்து, இடத்தின் எண்களை ஓர் இணையக் குழுவில் அறிவித்தார். வாளிக்குள் குறிப்பேடு, பென்சில், புத்தகங்கள், வீடியோக்கள், மென்பொருள், கவண் பிடி ஒன்று, கொஞ்சம் பணம், ஒரு டப்பா பீன்ஸ் எல்லாம் இருந்தன. கொஞ்சம் எடுங்கள், கொஞ்சம் வையுங்கள் என்பதுதான் அவர் சொன்ன விதி. ஜியோகேச்சிங் என்ற பெயரே அந்த மாதக் கடைசியில்தான் பிறந்தது.

இன்றைய விதிகளின்படி அந்த வாளிக்கு அனுமதி கிடைக்காது. மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, உணவு வைக்கக் கூடாது என்பவை பின்னால் அனுபவத்தில் கற்ற பாடங்கள். அந்த பீன்ஸ் டப்பா மட்டும் பிற்பாடு மீட்கப்பட்டு, ஆர்வலர்களின் கூடுகைகளில் ஒரு நினைவுச் சின்னம் போல இன்றும் காட்டப்படுகிறது.

சுருக்கமாக: பெட்டியைக் கண்டுபிடிப்பதும் கையெழுத்திடுவதும்தான் ஆட்டம். பொருள்கள் அதன் கூடவே வந்த ஒரு மகிழ்ச்சி.

மாற்றிக்கொள்ளும் பொருள்கள்

பெட்டிக்குள் கிடக்கும் பொருள்களில் இரண்டு வகை உண்டு. தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் தன்மையில் முற்றிலும் வேறானவை.

முதல் வகைக்கு ஸ்வாக் என்று பெயர். எடுத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். "நமக்கெல்லாம் கிடைக்கும் பொருள்" என்ற பொருளில் அதை ஆங்கிலத்தில் விரித்துச் சொல்வார்கள். அந்த விரிவு பின்னால் பொருத்திச் சொன்னது.

பொது இடத்தில் வைத்திருக்கும் ஒரு புத்தக அலமாரியை எண்ணிப் பாருங்கள். பிடித்த புத்தகத்தை எடுத்துப்போகலாம், வீட்டில் படித்து முடித்த ஒன்றைக் கொண்டுவந்து வைக்கலாம். பூட்டு இல்லை, காவலாள் இல்லை, கணக்கு எழுதுபவரும் இல்லை. அந்த அலமாரி முதல் நாள் நன்றாக இருக்கும். ஆறு மாதம் கழித்துப் போனால் அட்டை கிழிந்த பழைய பாடநூல்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். யாரும் திருடவில்லை, எடுத்த ஒவ்வொருவரும் ஒன்றை வைத்திருக்கிறார்கள். பிறகு எப்படி இப்படி ஆனது?

கேச் பெட்டிகளிலும் இதேதான் நடக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். ஒரு பெட்டியில் பத்துப் பொருள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருபவர் அவற்றில் மிகவும் பிடித்ததைத்தான் எடுப்பார், அது இயல்பு. பதிலுக்கு வைப்பது பெரும்பாலும் தன்னிடம் வேண்டாமல் கிடப்பது. அடுத்தவரும் அப்படியே. நல்லவை முதலில் வெளியேறுகின்றன. யாருக்கும் வேண்டாதவை உள்ளேயே தங்கிவிடுகின்றன. இருபது பேர் வந்துபோனபின் உள்ளே கிடப்பது இருபது பேரும் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்கியவை: உடைந்த பொம்மைக் கை, மூடியில்லாத பேனா, பேருந்துச் சீட்டு, வழியில் பையிலிருந்து எடுத்துப் போட்ட ஒரு குப்பை. ஒவ்வொரு மாற்றமும் ஏறக்குறைய நியாயமாகவே நடந்திருக்கலாம். ஆனாலும் பெட்டியின் தரம் படிப்படியாக இறங்கிவிட்டது.

எனவேதான் "சமமாக மாற்று, இல்லையேல் மேலாக மாற்று, இரண்டும் முடியாவிட்டால் மாற்றாதே" என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். இதில் சமம் என்பதை விலையில் சமம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். என் கருத்தில் அங்கேதான் சறுக்குகிறோம். விலை அதிகமான ஒன்றை எடுத்து அதே விலைக்கு யாருக்கும் வேண்டாத ஒன்றை வைத்தால் பெட்டி இறங்கத்தான் செய்யும். ஒரு காசும் செலவில்லாமல், ஆற்றங்கரையில் பொறுக்கிய வழுவழுப்பான கூழாங்கல்லில் சிறு ஆமை ஒன்றை வரைந்து வைத்தால் பெட்டி ஏறிவிடும். "அடுத்து வருபவர் இதை ஆசையோடு எடுப்பாரா?" என்ற கேள்விதான் உண்மையான அளவுகோல். ஆம் என்று மனதாரச் சொல்ல முடிந்தால் வையுங்கள்.

குப்பை நிறைந்த பெட்டியைக் கண்டால் என்ன செய்வது? நனைந்து ஊறிய காகிதத்தையும் உடைந்ததையும் எடுத்து வெளியே கொண்டுவந்துவிடலாம். அதற்குப் பதில் வைக்க வேண்டியதில்லை. முடிந்தால் நல்லதாக ஒன்றைப் போட்டுவிட்டு வாருங்கள். இப்படிச் செய்கிற ஒருவர் போதும், பெட்டி மறுபடி உயிர்பெற.

சுருக்கமாக: ஸ்வாக் எடுக்கலாம், பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். மாற்றின் மதிப்பை அடுத்து வருபவரின் கண்ணால் அளக்க வேண்டும்.

வெயிலும் மழையும் தாங்குபவை

வீட்டு மேசை மேல் அழகாகத் தெரியும் பல பொருள்கள் பெட்டிக்குள் ஒரு மழைக்காலம்கூடத் தாங்குவதில்லை. பெட்டியின் வாழ்க்கை அப்படி. மூடிய பெட்டி வெயிலில் காயும்போது உள்ளே வெப்பம் வெளியைவிடக் கூடுதலாகும். இரவில் குளிரும்போது உள்ளிருக்கும் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும். மழையில் யாராவது திறந்து மூடினால் அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். மூடியின் ரப்பர் விளிம்பில் ஒரு நூலோ பிளாஸ்டிக் உறையின் ஓரமோ மாட்டிக்கொண்டால், அதன் வழியே தண்ணீர் கசிந்து லாக்புக் முழுவதும் கூழாகிவிடும். மூடும்போது விளிம்பைச் சுற்றி ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

எனவே நிலைப்பவை கண்ணாடி, கல், துருப்பிடிக்காத உலோகம், கெட்டியான பிளாஸ்டிக். கோலிக்குண்டுகளை நான் விரும்பி வைப்பேன். மெருகேற்றிய சிறு கற்கள், மணிகள், பகடைகள், விரல்நுனி அளவு விலங்குப் பொம்மைகள், எனாமல் பூசிய பேட்ஜுகள், சிறு கொக்கி வளையங்கள், பின்னிய கயிற்றுக் கைவளைகள் எல்லாம் ஆண்டுக்கணக்கில் புதிதாகவே இருக்கும். விசிலும் குட்டித் திசைகாட்டியும் நடைபயணம் வருபவர்களுக்கு உடனே பயன்படும். வேறு நாட்டு நாணயம் ஒன்றைக் கண்டால் குழந்தைகள் விடவே மாட்டார்கள். மதிப்பில் அற்பமானதாக இருக்கும், ஆனால் அந்த எழுத்துகளையும் உருவத்தையும் வைத்து ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பேசலாம். காகிதத்தில் செய்த கைவினை, ஸ்டிக்கர் போன்றவற்றை வைக்க ஆசைப்பட்டால் அழுத்தி மூடும் சிறு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கையொப்பப் பொருள். ஒரே ஆள், போகும் பெட்டியில் எல்லாம் விட்டுச்செல்லும் தன் அடையாளப் பொருளுக்கு அந்தப் பெயர். ஒருவர் மரத்துண்டை வட்டமாக அறுத்துத் தன் முத்திரையைச் சுட்டுப் பதிப்பார், இன்னொருவர் களிமண்ணில் சிறு பறவை செய்வார். மூன்றாவது, நான்காவது பெட்டியிலும் அதே பறவையைப் பார்க்கும்போது, சந்தித்தே இராத அந்த மனிதரோடு ஒரு நட்பு உருவாகிவிடுகிறது. பாத்டேக் என்பதும் இந்த இனம்தான்: துளையிட்ட சிறு உலோக வட்டு, அவரவர் சொந்த வடிவமைப்பில் அச்சடித்தது. அதன் பின்பக்கத்தில் எண் இருக்கும் என்றாலும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், சேகரிப்பதற்கென்றே செய்தவை அவை.

வைக்கக் கூடாதவை

உணவு எந்த வடிவத்திலும் வேண்டாம், உறை பிரிக்காத மிட்டாய்கூட. நமக்கு வாசனையே தெரியாது, ஆனால் எலிக்கும் எறும்புக்கும் கரடிக்கும் தெரியும். பிளாஸ்டிக் பெட்டியைக் கடித்துக் குதறிவிடும், அதைத் தின்ற விலங்குக்கும் கேடு. வாசனை மெழுகுவர்த்தி, சோப்பு, உதட்டுப் பூச்சு, மணக்கும் அழிரப்பர் ஆகியவையும் இதே காரணத்தால் ஆகாது. மெழுகுச் சாயக்குச்சிகள் வெயிலில் உருகி எல்லாவற்றின் மீதும் ஒட்டும். சோப்புக் குமிழி விடும் குப்பி போன்ற திரவங்கள் கசியும். குளிர்ப் பகுதிகளில் தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகி, குப்பியையே வெடிக்கச் செய்யும்.

கத்தி, தீப்பெட்டி, பட்டாசு, மருந்து, மது, புகையிலை ஒருபோதும் கூடாது. பெட்டியை அடுத்துத் திறப்பது ஐந்து வயதுக் குழந்தையாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டால் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. பொத்தான் பேட்டரி போட்ட குட்டி விளக்குகளையும் நான் தவிர்த்துவிடுவேன். விழுங்கினால் அந்த பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

பயணம் போகும் பொருள்கள்

இனி இரண்டாவது வகை. புதியவர்கள் அறியாமல் தவறு செய்வது பெரும்பாலும் இதில்தான்.

பெட்டிக்குள் ஓர் உலோகத் தகடு மாட்டிய பொம்மை கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது கனமான, அழகாக வேலைப்பாடு செய்த ஒரு நாணயம். இருப்பதிலேயே அதுதான் பளிச்சென்று தெரியும், கை தானாகவே அதை நோக்கித்தான் போகும். ஆனால் அது பரிசுப் பொருள் இல்லை. நிலையத்தில் அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கும் பயணி அது. நீங்கள்தான் அந்த வண்டி. ஏற்றிக்கொள்ளலாம், கொஞ்ச தூரம் கொண்டுபோகலாம், அடுத்த நிலையத்தில் இறக்கிவிட வேண்டும். வண்டி தன் பயணியை வைத்துக்கொள்வதில்லை.

இவற்றுக்குப் பொதுப்பெயர் டிராக்கபிள், அதாவது எங்கே போகிறது என்று தடம் பார்க்கக்கூடியது. தகடு மாட்டிய பொம்மை டிராவல் பக். நாணய வடிவில் இருப்பது ஜியோகாயின். முதல் ஜியோகாயினை 2001இல் ஓர் அமெரிக்க ஆர்வலர் தன் கையொப்பப் பொருளாகத்தான் செய்தார், பிறகு அது தனி வகையாக வளர்ந்துவிட்டது.

இது எப்படி இயங்குகிறது? ஒவ்வொன்றிலும் வேறெதிலும் இல்லாத ஒரு குறியீடு பொறித்திருக்கும். அந்தக் குறியீட்டை ஜியோகேச்சிங் தளத்தில் இட்டால் அந்தப் பொருளின் பக்கம் திறக்கும். உரிமையாளர் யார், எங்கே புறப்பட்டது, இதுவரை எந்தெந்தப் பெட்டிகளில் தங்கியது, எவ்வளவு தூரம் வந்தது எல்லாம் அங்கே இருக்கும். நீங்கள் பெட்டியிலிருந்து எடுத்ததைப் பதிவு செய்தால் உரிமையாளருக்குச் செய்தி போகும். வேறொரு பெட்டியில் வைத்துப் பதிவு செய்தால், இரண்டு பெட்டிகளுக்கும் இடையே உள்ள நேர்க்கோட்டுத் தூரம் அதன் கணக்கில் சேரும். உள்ளே எந்த மின்னணுச் சில்லும் இல்லை, எந்தச் சிக்னலும் அது அனுப்புவதில்லை. எடுத்தவர் எழுதினால்தான் அது எங்கே என்று உலகுக்குத் தெரியும். அவர் எழுதாமல் விட்டால் அந்த நிமிடமே அது காணாமல் போய்விடுகிறது. புதியவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பல டிராக்கபிள்களுக்கு ஒரு நோக்கமும் இருக்கும். கடலைப் பார்க்க வேண்டும், எல்லாக் கண்டங்களையும் தொட வேண்டும், ஒவ்வோர் ஊரிலும் பாலத்தின் முன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உரிமையாளர் எழுதிவைத்திருப்பார். உங்கள் பயணம் அதற்கு உதவும் என்றால் எடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவருக்காக விட்டுவிடுங்கள். எடுப்பதற்குப் பதிலாக எதையும் வைக்க வேண்டியதில்லை. எடுக்காமல், பார்த்தேன் என்று மட்டும் பதிவு செய்யவும் வழி உண்டு. எடுத்தால் சில வாரங்களுக்குள் அடுத்த பெட்டியில் சேர்த்துவிட வேண்டும். தாமதமானால் உரிமையாளருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள், அவர் மனம் அமைதியாகும். படம் போடும்போது குறியீடு தெரியாமல் மறைத்துவிடுங்கள். குறியீடு தெரிந்த யாரும், பொருளைக் கண்ணால் பார்க்காமலே, பார்த்ததாகப் பதிவு செய்துவிட முடியும்.

எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்டால், பதில் பூமியோடு நிற்பதில்லை. விண்வெளி வீரர்களோடு டிராவல் பக் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே போயிருக்கிறது. 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தியில், ஷெர்லாக் என்ற ஆய்வுக் கருவியைச் சரிபார்க்க வைத்திருக்கும் சிறு மாதிரித் துண்டுகளில் ஒன்று, விண்வெளி உடையின் முகக்கவசம் செய்யும் பாலிகார்பனேட். அதன்மேல் ஒரு ஜியோகேச்சிங் குறியீடு பொறித்திருக்கிறது. ஊர்தி அனுப்பும் படத்தில் அதைப் படித்துப் பூமியில் இருந்தபடியே பதிவு செய்யலாம்.

பறிகொடுக்காமல் அனுப்ப

நீங்களே ஒரு பயணப் பொருளை அனுப்ப நினைத்தால், மனதுக்கு மிக நெருக்கமானதை அனுப்பாதீர்கள் என்பதுதான் என் அறிவுரை. பல டிராக்கபிள்கள் வழியில் தொலைந்துபோகின்றன. பெரும்பாலும் திருட்டு அல்ல, அது என்னவென்று தெரியாத ஒருவரின் மேசை இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருக்கும். டிராவல் பக் வாங்கும்போது ஒரே குறியீட்டோடு இரண்டு தகடுகள் வரும். ஒன்றை அனுப்பிவிட்டு மற்றதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். பொம்மையோடு, நெகிழித் தாளில் ஒட்டி நனையாமல் செய்த சிறு அட்டை ஒன்றையும் கட்டிவிடுங்கள். "நான் பரிசு இல்லை, பயணி. என்னை அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோங்கள்" என்று இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். பளபளக்கும் நாணயத்தைவிட அட்டை கட்டிய சாதாரணப் பொம்மை அதிக தூரம் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதைப் படிக்கும்போது, எப்போதோ ஒரு பெட்டியிலிருந்து எடுத்துவந்த எண் பொறித்த நாணயமோ தகடு தொங்கும் பொம்மையோ உங்கள் நினைவுக்கு வந்தால், வருந்த வேண்டாம். எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும் அதன் பக்கம் பெரும்பாலும் தளத்தில் அப்படியே இருக்கும். குறியீட்டை இட்டு, கண்டேன், தெரியாமல் எடுத்துவிட்டேன், மீண்டும் அனுப்புகிறேன் என்று எழுதுங்கள். அடுத்த முறை வெளியே போகும்போது இடமுள்ள ஒரு பெட்டியில் வைத்துவிடுங்கள். தொலைந்துவிட்டது என்று எப்போதோ நம்பிக்கை விட்ட ஒருவருக்கு அன்று காலை ஒரு செய்தி வரும்.